டி டிரைவ் திறக்கவில்லை, ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதிலிருந்து ஒரு படத்தை மீட்டு எடுக்க வேண்டும்

கோரையாற்றங்கரை
செவ்வாய், காலை 10.20

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். படம் எடுத்ததெல்லாம் என் வீட்டுக்காரர். கஜா புயலுக்கு மறு வருஷம் அவர் குவைத் போய்விட்டார். அதிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் எடுப்பது, ஆல்பம் டிசைன், கணக்கு எல்லாம் நான்தான். விசேஷங்களுக்கு ஒரு தம்பி வந்து எடுத்துக் கொடுக்கிறார். போட்டோஷாப் எனக்கு நன்றாக வரும். கம்ப்யூட்டரின் உள்பக்கம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், தேவையில்லாததும் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் 10. சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி. டி டிரைவ் உள்ளேயே இருக்கும் 2 டிபி ஹார்டு டிஸ்க், 2016-ல் வாங்கியது. அதில் சுமார் 1.6 டிபி நிறைந்திருக்கிறது. 2011-லிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான்.

பத்து நாளாகவே டி டிரைவில் ஃபோல்டர் திறக்க நேரம் எடுத்தது. ஆவணி முகூர்த்தத்தில் எடுத்த ஒரு கல்யாணத்துக்கு ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். சேவ் கொடுத்தால் போட்டோஷாப் அப்படியே நின்றுவிடும், இரண்டு நிமிடம் கழித்துத் தானாக ஓடும். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு இரவு இடியோடு மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு தடவை டியூப்லைட் கண் கூசுகிற அளவு எரிந்து அணைந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தித்தான் வைத்திருந்தேன், ஆனால் பிளக்கைப் பிடுங்கவில்லை.

நேற்றுக் காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் வரவே ஆறேழு நிமிடம் ஆனது. டி டிரைவ் பட்டியலில் தெரிகிறது. ஆனால் எவ்வளவு இடம் காலி என்று காட்டும் நீலக்கோடு இல்லை. கிளிக் செய்தால் ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று வருகிறது. கேன்சல் கொடுத்துவிட்டேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பார்த்தால் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) என்டிஎஃப்எஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ரா’ என்று இருக்கிறது. காதை வைத்துக் கேட்டேன். சுற்றுகிற சத்தம் வருகிறது. எப்போதாவது மெல்லிய ‘டிக்’, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கடைத் தம்பி, விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் என்ற பிழை திருத்தும் புரோகிராமைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். பார்க்காமலேயே 25 ஆயிரம் ஆகலாம் என்றார்கள். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

அவசரம் எதனால் என்றால், எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். வரும் ஞாயிறு கருமாதி, அன்றைக்கே படத்திறப்பு. அவர் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கினால் முகமே தெரியவில்லை. 2014-ல் அவர் தங்கை பேத்தி கல்யாணத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம் இருக்கிறது, என் வீட்டுக்காரர் எடுத்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘உங்ககிட்ட இருக்கும்னு தெரியும்’ என்று சொல்லி அவர் மகள் போன வாரமே வந்து அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போனாள். பத்து நாளாக இதைத் தள்ளிப்போட்டது என் தப்பு.

இந்த டிஸ்க்கை 2018 நவம்பர் 15 ராத்திரி நானும் வீட்டுக்காரருமாகக் கழற்றினோம். பாலித்தீன் பையில் சுற்றி, தூக்குவாளியில் வைத்து மூடி, பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோனோம். விடிந்து வந்து பார்த்தால் கடையின் தகரம் முழுவதும் போயிருந்தது. அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கல்யாண ஆல்பம் நனைந்து ஒட்டிக்கொண்டது, காதுகுத்துப் படம் போய்விட்டது, திரும்பப் போட்டுத் தர முடியுமா என்று. அத்தனை பேருக்கும் இதிலிருந்துதான் போட்டுக் கொடுத்தோம்.

செக்டிஸ்க் போடலாமா? வேறு என்ன செய்யலாம்? பேக்கப் ஒன்று இருக்கிறது, ஆனால் அது 2012 வரைக்கும்தான்.


மன்னை
செவ்வாய், காலை 10.41

அக்கா, முதலில் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். செக்டிஸ்க் வேண்டாம், ஃபார்மேட் வேண்டாம், ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்கும் வேண்டாம். கேன்சல் கொடுத்தீர்களே, அது மிகச் சரி.

செக்டிஸ்க்குக்கு உங்கள் படங்களைக் காப்பாற்றுவது வேலை இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், அதுதான் அதன் வேலை. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் ஃபோல்டரை, கணக்கில் இல்லை என்று வெட்டிவிடும். மிச்சம் இருப்பதைப் பெயர் இல்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கும். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போது அது உதவும். சாகிற டிஸ்க்கில் போட்டால், இருக்கும் டேட்டாவின் மேலேயே எழுதிவிடும், அப்புறம் யாராலும் திருப்ப முடியாது.

நான்கு விஷயம் வேண்டும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) டிஸ்க் தெரிகிறதா, அதன் மாடல் பெயரும் 2 டிபி என்ற அளவும் சரியாக இருக்கிறதா? டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா? அந்த ‘டிக்’ சீராகத் திரும்பத் திரும்ப வருகிறதா, எப்போதாவதா? கடைசியாக, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சின்ன புரோகிராமை சி டிரைவில் போட்டு, 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளுக்கு நேராகக் கடைசி நெடுவரிசையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். அந்தப் புரோகிராம் எதையும் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். ஒரே தடவை ஆன் செய்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் அடித்தால் மட்டும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு உடனே நிறுத்துங்கள்.


கும்பகோணத்துக்காரர்
செவ்வாய், பகல் 12.05

பயப்படாதீர்கள்மா. டியூப்லைட் கண் கூசியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நியூட்ரல் கம்பி எங்காவது விட்டுப்போனால் அப்படித்தான் ஆகும். 230 வோல்ட் இருக்க வேண்டிய வீட்டுக்கு 300, 350 கூட வந்துவிடும். மழைக்காலத்தில் சர்வீஸுக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் பாதி இப்படி அடிபட்டவைதான். பெரும்பாலும் முதலில் போவது பவர் சப்ளை. அது பாதி செத்த நிலையில் இருந்தாலும் ஹார்டு டிஸ்க் தகராறு செய்யும். டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கிற அந்தச் சில நொடிகளில்தான் 12 வோல்ட் லைனில் அதிக கரண்ட் இழுக்கும். பவர் சப்ளை அதைத் தாங்கவில்லை என்றால் டிஸ்க் சுற்றி, நின்று, மறுபடி சுற்றும். டிஸ்க்தான் போய்விட்டது என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். அதனால் நம்பிக்கையான வேறொரு பவர் சப்ளையில் போட்டுப் பார்ப்பது நல்லது.

டிஸ்க்கின் போர்டே அடிபட்டிருந்தால் பெரும்பாலும் சுற்றவே சுற்றாது. வோல்டேஜ் எகிறினால் தன்னைக் கொடுத்துப் போர்டைக் காப்பாற்றுகிற டயோடு ஒன்று அதில் உண்டு, அது ஷார்ட் ஆகிவிட்டால் டிஸ்க் அப்படியே பேசாமல் கிடக்கும். உங்களுடையது சுற்றுகிறது. அது நல்ல செய்தி.

இன்னொன்று, நீங்கள் இருப்பது அலையாத்திக் காட்டுப் பக்கம். உப்புக் காற்று. கேபிளைக் கழற்றும்போது பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிளின் விலை ஐம்பது, நூறு ரூபாய்தான், புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள். மதர்போர்டிலும் வேறு சாட்டா போர்ட்டில் குத்திப் பாருங்கள்.


சீர்காழி
செவ்வாய், மாலை 4.30

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஹார்டு டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ராத்திரி முழுவதும் ஃப்ரீசரில் வைத்து எடுத்தார். காலையில் வேலை செய்தது, டேட்டா எடுத்துவிட்டார். கடைசியில் அதையும் முயலலாம் என்று நினைக்கிறேன்.


கும்பகோணத்துக்காரர்
செவ்வாய், மாலை 5.10

சீர்காழி நண்பரே, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் அதன்மேல் படியும், உள்ளேயும் படியும். டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டுக்கு மேலே, அதைப் படிக்கிற ஹெட் பறக்கிற உயரம் நானோமீட்டர் கணக்கு. தூசித் துகளே அதற்குப் பாறை மாதிரி. நீர்த்துளி பட்டால் ஹெட் தட்டையே உரசிவிடும். பழைய காலத்து டிஸ்க் சிலவற்றில் எப்படியோ நடந்திருக்கலாம். அதை நம்பிச் செய்து கெட்டுப்போனவற்றை நானே கையில் வாங்கியிருக்கிறேன்.


கோரையாற்றங்கரை
புதன், காலை 11.15

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ஒரே தடவை ஆன் செய்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மூடியைக் கழற்ற நான் பயந்தேன். தங்கச்சி மகன் திருவாரூரில் பாலிடெக்னிக் படிக்கிறான், அவன் வந்து கழற்றினான்.

கேபிளின் பின்னில் லேசாகப் பச்சை இருந்தது உண்மைதான். புதுக் கேபிள், வேறு போர்ட், அவன் நண்பன் வீட்டிலிருந்து வாங்கி வந்த பவர் சப்ளை, மூன்றையும் மாற்றினோம். டி டிரைவ் அதேபோல் ‘ரா’. பயாஸில் மாடல் பெயர் சரியாக வருகிறது, 2 டிபி சரியாக இருக்கிறது. ‘டிக்’ எப்போதாவதுதான். பத்து நிமிடத்தில் மூன்று தடவை எண்ணினேன்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. 19,400 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று போட்டிருக்கிறது. கடைசி நெடுவரிசையில், முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விட்டுவிட்டு: 05-க்கு 30, சி5-க்கு 138, சி6-க்கும் 138, சி7-க்கு 0.

138 என்பது குறைவுதானே? 2 டிபியில் 138 இடம் கெட்டதற்கா இப்படி?


மன்னை
புதன், பகல் 12.30

அக்கா, அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதியவை. அந்தப் புரோகிராம் வழக்கமாக அப்படித்தான் காட்டும், பலரும் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். 138 என்றால் நம் கணக்கில் 312. 30 என்றால் 48.

டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னச் சின்னக் கட்டம்தான் செக்டர். 48 செக்டர் ஏற்கெனவே கெட்டு, டிஸ்க் தானாகவே அவற்றை ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்திருக்கிறது. அது பத்து நாளுக்கு முன்னால் தொடங்கியிருக்கலாம், போட்டோஷாப் நின்று நின்று ஓடியது இதனால்தான். 312 செக்டரைப் படிக்கவே முடியவில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் நிறுத்திவைத்திருக்கிறது. சி7 பூஜ்யம் என்பதால் கேபிளில் கோளாறு இல்லை. கேபிள் கெட்டிருந்தால் அந்த எண் ஏறியிருக்கும். ஞாயிறு இரவு கரண்ட் கொடுத்த அடி இதற்குக் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். டிஸ்க் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது.

எண்ணிக்கை குறைவு என்றாலும், கெட்ட இடம் எது என்பதுதான் முக்கியம். பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் டி டிரைவ் இருக்கும் பகுதியின், முதல் செக்டர்தான் பூட் செக்டர். இது என்டிஎஃப்எஸ், அட்டவணை இந்த இடத்தில் தொடங்குகிறது என்று விண்டோஸுக்குச் சொல்வது அதுதான். அது படிக்க முடியாமல் போனால் மற்ற எல்லாம் பத்திரமாக இருந்தாலும் ‘ரா’ என்றுதான் காட்டும். கதவு எண் பலகை விழுந்துவிட்டதால் வீடே இல்லை என்று போஸ்ட்மேன் திரும்பிப் போகிற மாதிரி. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் வழி உண்டு. பூட் செக்டரின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும்.

ஆனால் இந்த டிஸ்க்கின்மேல் கைவைத்து எதையும் சரிசெய்யக் கூடாது. முதலில் இதிலிருந்து படிக்க முடிகிற ஒவ்வொரு செக்டரையும் ஒரு புது டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். பிறகு செய்கிற சோதனை எல்லாம் அந்தப் பிரதியில்.

அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினால் டிடிரெஸ்க்யூ, பூட் செக்டரைச் சரிசெய்கிற டெஸ்ட்டிஸ்க், அட்டவணை இல்லாமலே படங்களைத் தேடி எடுக்கிற ஃபோட்டோரெக் மூன்றும் உள்ளேயே இருக்கும். சாதாரணமாகக் காப்பி செய்தால் கெட்ட செக்டர் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், அந்த முட்டலில் ஹெட் இன்னும் கெடும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், நன்றாக வருவதை எல்லாம் முதலில் எடுத்துவிடும். கடைசியில்தான் திரும்பி வந்து கெட்ட இடத்தைச் சுரண்டும். முதல் சுற்றில் சுரண்டாமல் விடும்படி ஆப்ஷன் கொடுங்கள்.

மேப் ஃபைல் என்று ஒன்று கேட்கும். எது எது எடுத்தாயிற்று என்ற குறிப்பு அது. அதைக் கட்டாயம் தனியாக இன்னொரு பென் டிரைவில் வையுங்கள். இப்படிப் பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பென் டிரைவில் இருந்தால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நம் பக்கத்து மழைக்காலத்துக்கு இதைவிட முக்கியமான வரி வேறு இல்லை.

எனக்கு இருக்கும் ஒரே பயம், எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிடுவது. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் படங்கள்மேல் எழுதிவிடும். அதனால் சி டிரைவ் எஸ்எஸ்டியைக் கழற்றிவிடுங்கள். பழையது, புதியது என்று இரண்டு டிஸ்க் மட்டும் இருக்கட்டும். இரண்டின் லேபிளிலும் இருக்கும் சீரியல் எண்ணைப் பேப்பரில் எழுதி, திரையில் வரும் சீரியல் எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு, உங்கள் தங்கச்சி மகன் ஒரு தடவை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் ஒரு தடவை படியுங்கள். பிறகு எண்டர். புது டிஸ்க் 2 டிபி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பழைய டிஸ்க் சூடாகாமல் மேலே ஒரு டேபிள் ஃபேன்.

‘டிக்’ அதிகமானால் நிறுத்திவிட்டு எழுதுங்கள். அப்போது கடைக்குத்தான் போக வேண்டும். 25 ஆயிரம் என்பது தூசி புகாத அறையில் டிஸ்க்கைத் திறந்து ஹெட் மாற்றுகிற வேலைக்கு நியாயமான தொகைதான், ஆனால் உங்கள் டிஸ்க் அந்த நிலைக்கு இன்னும் போகவில்லை.


மயூரம் கேமரா
புதன், மாலை 6.45

சகோதரி, நானும் ஸ்டூடியோக்காரன்தான். ஆவணிக் கல்யாணம் எடுத்த மெமரி கார்டு எங்கே? அதைத் தம்பி மறுபடி பயன்படுத்திவிட்டாரா? கேமராவில் ஃபார்மேட் கொடுத்தாலும் படங்கள் உடனே அழிவதில்லை, அட்டவணைதான் புதிதாகிறது. அதன்மேல் புதுப் படம் எடுக்காமல் இருந்தால் ஃபோட்டோரெக்கில் அப்படியே எடுத்துவிடலாம். இப்போதே போன் போட்டு அந்தக் கார்டைத் தொடாதே என்று சொல்லுங்கள்.


கோரையாற்றங்கரை
புதன், இரவு 9.30

மயூரத்து அண்ணா, உங்கள் பதிலைப் படித்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். கார்டு இரண்டு. ஒன்றில் போன வாரம் காதுகுத்து எடுத்துவிட்டார். இன்னொன்று ஃபார்மேட் செய்து பையிலேயே இருக்கிறது. முகூர்த்தம், தாலி கட்டுவது எல்லாம் அதில்தான் என்கிறார். கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஓரத்தில் இருக்கும் பூட்டுப் பொத்தானைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

நாளைக்குத் தஞ்சாவூர் போய்ப் புது டிஸ்க் வாங்குகிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘இரண்டாக வாங்கு’ என்றார்.


கோரையாற்றங்கரை
வெள்ளி, காலை 7.40

நேற்று இரவு 9 மணிக்கு ஆரம்பித்தோம். சீரியல் எண்ணை மன்னைத் தம்பி சொல்லியபடி நானும் தங்கச்சி மகனும் உரக்கப் படித்தோம். எனக்குக் கை நடுங்கியதால் எண்டரைத் தங்கச்சி மகன்தான் அழுத்தினான். ஆரம்பத்திலேயே பத்து நிமிடம் தவித்தது, கெட்ட இடங்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதற்கப்புறம் சட்டென்று வேகம் பிடித்து நொடிக்கு 90 எம்பி வரை ஓடியது.

இரவு 2 மணிக்குக் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் ஐந்து நிமிடம்தான் தாங்கும், தங்கச்சி மகன் அதற்குள் முறையாக நிறுத்திவிட்டான். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்ததும் 61 சதவீதத்திலிருந்து ஓடியது. மேப் ஃபைல் பற்றி நீங்கள் அழுத்திச் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் ஹோம் ஃபோல்டரில்தான் வைத்திருப்போம்.

இப்போது 99.99 என்று நிற்கிறது. அடுத்து என்ன?


மன்னை
வெள்ளி, காலை 8.15

மிக நல்ல செய்தி அக்கா. ‘டிக்’ அதிகமாகவில்லை என்றால் இப்போது சுரண்டுகிற சுற்று, கெட்ட இடத்தை மூன்று தடவை முயலச் சொல்லுங்கள். இது மெதுவாகப் போகும், இன்று முழுவதும் ஆனாலும் ஆகட்டும். அவசரப்பட வேண்டாம், முக்கியமானது எல்லாம் வந்துவிட்டது.

அது முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மறுபடி மாட்ட வேண்டாம்.

பிறகு பிரதியில் இரண்டு வேலை. டெஸ்ட்டிஸ்க்கைத் தொடங்குவதற்கு முன்னால், டிடிரெஸ்க்யூவிலேயே ஃபில் என்ற வசதி இருக்கிறது. படிக்க முடியாமல் போன இடங்களில் மட்டும், பிரதியில், நாம் கொடுக்கும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிவைக்கும். பிற்பாடு எல்லாப் படங்களுக்குள்ளும் அந்தச் சொல்லைத் தேடினால் எந்தெந்தப் படம் கெட்டது என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் லட்சம் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டிவரும். வரிசை முக்கியம். முதலில் ஃபில், அப்புறம் டெஸ்ட்டிஸ்க். மாற்றிச் செய்தால் சரிசெய்த பூட் செக்டரின் மேலேயே அந்தச் சொல்லை எழுதிவிடும்.

டெஸ்ட்டிஸ்க்கில் புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு, அதில் பூட். மேலே ‘பூட் செக்டர் பேட்’, கீழே ‘பேக்கப் பூட் செக்டர் ஓகே’ என்று வந்தால் நான் நினைத்ததுதான். ‘பேக்கப் பிஎஸ்’ என்பதைக் கொடுங்கள், அந்த நகலை முதல் செக்டரில் எழுதிவிடும். வேறு மாதிரி வந்தால் எதையும் கொடுக்காமல் திரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.


கோரையாற்றங்கரை
சனி, இரவு 10.50

தம்பிமாரே, அண்ணன்மாரே, திறந்துவிட்டது.

சுரண்டுகிற சுற்று இன்று காலை 6 மணி வரை ஓடியது. கடைசியில் வராமல் போனது ஏறக்குறைய ஒன்றரை எம்பி. 2 டிபியில் ஒன்றரை எம்பி. பழைய டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் தங்கச்சி மகன் லினக்ஸிலேயே அந்த ஸ்மார்ட் கணக்கை (கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்த அதே எண்கள்) பார்த்தான், சி5 312-லிருந்து 2,872 ஆகியிருந்தது. செக்டிஸ்க் போட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஃபில் முடித்துவிட்டு டெஸ்ட்டிஸ்க். மேலே பேட், கீழே ஓகே, நீங்கள் எழுதியிருந்த அதே வார்த்தைகள். பேக்கப் பிஎஸ் கொடுத்து, எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டி விண்டோஸ் போட்டால் டி டிரைவில் நீலக்கோடு வந்துவிட்டது. 2011, 2012, 2013 என்று ஃபோல்டர்கள் வரிசையாக, என் வீட்டுக்காரர் வைத்த பெயரிலேயே இருந்தன. ‘2018 நவம்பர்’ என்பதையும் திறந்து பார்த்தேன். தகரம் இல்லாத கடை, தெரு முழுக்கச் சாய்ந்து கிடக்கும் தென்னை, மரத்தின்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு அம்மா. உடனே வீடியோ காலில் வீட்டுக்காரருக்குக் காட்டினேன்.

அந்தச் சொல்லைத் தேடியதில் கெட்டுப்போன படங்கள் 19. பதினான்கு ஒரே வீட்டு மஞ்சள் நீராட்டு விழா, 2015. மற்றவை ஒரு வளைகாப்பில் வந்தவை. திறந்தால் மேல்பாதி நன்றாக இருக்கிறது, பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். அந்த இரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிடப் போகிறேன். ஆல்பத்தில் பிரிண்ட் இருந்தால் வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வேன். கல்யாண மெமரி கார்டில் ஃபோட்டோரெக் போட்டதில் 1,140 படம் வந்தது. பெயர்தான் இல்லை. ஆனால் அந்தக் கல்யாணம் டி டிரைவிலேயே முழுசாகக் கிடைத்துவிட்டது.

பெரியவர் நான்கு படத்தில் இருக்கிறார். நான் நினைத்துக்கொண்டிருந்த பந்தல் கால் படத்தில் முகம் பாதி நிழல். அதற்கு அடுத்த படத்தில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியிருக்கிறார், தோளில் துண்டு, வெற்றிலை போட்ட வாய், சிரிக்கிறார். அதைத்தான் எடுத்தேன். பின்னால் நின்ற இரண்டு பேரை நீக்கிவிட்டு, வேறு எதையும் தொடவில்லை, நெற்றிச் சுருக்கத்தைக்கூட. லேபில் 12-க்கு 18 போட்டு, பிரேம் மாட்டி, ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் அம்மா வந்து படத்தைத் திண்ணையில் சாய்த்து வைத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

இரண்டாவது டிஸ்க்கில் இப்போது எல்லாம் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. அதை மன்னார்குடியில் தங்கச்சி வீட்டில் வைக்கப் போகிறேன். இன்னொரு புயல் வந்தால் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் பாட்டு, சினிமா போட்டுவைக்கப் பயன்படுமா? எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகப் பக்கத்துக் கடைத் தம்பி கேட்கிறார்.


கும்பகோணத்துக்காரர்
ஞாயிறு, காலை 6.20

கொடுக்காதீர்கள்மா. எத்தனையோ குடும்பத்துப் படம் அதில் இன்னும் அப்படியே இருக்கிறது. மேலோட்டமாக ஃபார்மேட் செய்தாலும் யாராவது எடுத்துவிட முடியும், இப்போதுதான் நீங்களே எடுத்தீர்கள். பாட்டு போடவும் வேண்டாம், அது இனி என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. பாலித்தீன் பையில் சுற்றி, மேலே ‘கெட்டது, மாட்டாதே’ என்று எழுதி, பீரோவில் வையுங்கள். அந்த 19 படத்துக்காக என்றைக்காவது தேவைப்படலாம்.


கோரையாற்றங்கரை
ஞாயிறு, காலை 6.45

சரி அண்ணா. தூக்குவாளி இன்னும் இருக்கிறது, அதிலேயே வைத்துவிடுகிறேன்.